பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளைக்கு முதல் கடிதம்: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

மகனோ மகளோ பேச்சை நிறுத்திவிட்டார். போன் எடுப்பதில்லை, நம்பரை பிளாக் செய்தாயிற்று, அப்படியே எடுத்தாலும் "ம்… சரி… வைக்கிறேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த நிலையில் இருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட பெற்றோரோடு உட்கார்ந்து அவர்கள் எழுதும் முதல் கடிதத்தைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அதில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான்: அன்பில் குறை இருப்பதில்லை, வரிசையில்தான் கோளாறு. தன் பக்கத்து விளக்கம் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது, பிள்ளை சொன்னதைக் காதில் வாங்குவது கடைசிக்குப் போய்விடுகிறது, சில சமயம் வராமலே போய்விடுகிறது.

அதனால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். நேராக ஐந்தாவது படிக்குத் தாவத்தான் எல்லாருக்கும் கை துடிக்கும். முதல் நான்கையும் செய்யாமல் எழுதிய கடிதம் என்றால் அதன் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

ஒரு நோட்டு வேண்டும். பழைய மெசேஜ்கள், இமெயில்கள் வேண்டும், கோபத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். குடும்பத்துக்கு வெளியே மனம்விட்டுப் பேச ஒரு ஆள் வேண்டும். அப்புறம் நேரம், வாரக் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில்.

மூன்று சூழல்களில் இந்த வழிகாட்டியை அப்படியே பின்பற்றாதீர்கள். தொடர்பு கொள்ளக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் கடிதமே கூடாது, வழக்கறிஞரிடம் கேளுங்கள். பிள்ளை உங்களை அடிப்பவராகவோ மிரட்டிப் பணம் பறிப்பவராகவோ இருந்தால் முதல் வேலை உங்கள் பாதுகாப்பு. சின்ன வயதில் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அடி உதையோ பாலியல் கொடுமையோ நடந்திருந்தால், அதைச் செய்தது நீங்களாக இருந்தாலும் கண்டும் காணாமல் இருந்தவராக இருந்தாலும், முதலில் மனநல ஆலோசகரிடம் போங்கள். அந்த விஷயத்தில் ஒரு வரி தவறாக விழுந்தால் ஆறத் தொடங்கிய புண்ணைக் கீறிவிடும்.

1. எல்லாத் தூதையும் நிறுத்துங்கள்

சித்தி மூலமாக, மாமா மூலமாக, பிள்ளையின் நண்பர் மூலமாகச் சொல்லி அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நிற்பது, அலுவலகத்துக்கு போன் செய்வது, புது நம்பரிலிருந்து கூப்பிடுவது, வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஜாடையாக "பெற்றவர்களை அழவைத்தவர்கள்…" என்று போடுவது, எல்லாமே இதில் அடங்கும்.

காரணம் எளிது. பேச்சை நிறுத்திய பிள்ளைகளில் பலர் அதற்கு முன்பு "நான் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை" என்பதைத்தான் பல விதமாகச் சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு தூதும் அதை மறுபடி நிரூபிக்கிறது. தூது போகிறவரும் சும்மா போவதில்லை, தன் அறிவுரையையும் சேர்த்துக்கொண்டுதான் போவார். "உன் அம்மா பாவம், வயசாயிடுச்சு" என்று ஒருவர் சொன்னதுமே அந்த உறவினரோடும் பிள்ளை பேசுவதை விட்டுவிட, குடும்பத்தோடு இருந்த கடைசி இழையும் அறுந்துபோன கதைகள் நிறைய.

உறவினர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்: "இதைப் பற்றி அவனிடம் பேசாதீர்கள், உங்களோடு அவன் சகஜமாக இருக்கட்டும்." அண்ணன் தங்கைகளுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களை உளவு கேட்காதீர்கள்.

2. பிள்ளை சொன்னதை அதே வார்த்தையில் எழுதுங்கள்

"காரணமே சொல்லாமல் போய்விட்டாள்" என்றுதான் பெரும்பாலானவர்கள் ஆரம்பிப்பார்கள். பழைய மெசேஜ்களைப் பொறுமையாகப் படித்தால் காரணம் அங்கேயே கிடக்கும். ஒரே நாளில் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். "அதை ஏன் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க", "என்னைக் கேட்காம முடிவு பண்ணாதீங்க" என்று வருஷக்கணக்கில் சின்னச் சின்னதாகச் சொல்லியிருப்பார்கள்.

நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் பிள்ளை சொன்னது, உங்களுக்கு நினைவிருக்கும் அதே வார்த்தைகளில். வலது பக்கம் காலி. கை தானாக அங்கே போய் "ஆனால் அன்றைக்கு நடந்தது என்னவென்றால்…" என்று எழுதப் பார்க்கும். விடாதீர்கள். உங்கள் பதிலை எழுதத் தொடங்கிய நிமிஷமே அவர்கள் சொன்னதைப் படிப்பது நின்றுவிடும்.

நினைவை மட்டும் நம்பி எழுதாதீர்கள். "என்னை மதிக்கவில்லை என்று சொன்னான்" என்று அப்பா எழுதியிருப்பார், மெசேஜைத் திறந்தால் "என் மனைவியை மதிக்கவில்லை" என்று இருக்கும். இரண்டுக்கும் எழுத வேண்டிய கடிதம் வேறு.

3. என்ன வகைப் பிரிவு என்று பாருங்கள்

ஒரு சண்டையில் உடைந்ததா, பல வருஷமாகத் தேய்ந்ததா? திருமணத்துக்குப் பிறகா? உங்கள் விவாகரத்துக்குப் பிறகா? சொத்து பிரித்தபோதா? அல்லது பிள்ளை வாழும் விதம், நம்பும் கொள்கை, தேர்ந்தெடுத்த துணை உங்களுக்கு ஒப்பாததாலா?

கடைசியாகச் சொன்னதைப் பெற்றோர் குறைத்தே எடைபோடுகிறார்கள். மேகன் கில்லிகன், ஜில் சூட்டர், கார்ல் பில்லமர் ஆகியோர் அமெரிக்காவில் 566 குடும்பங்களின் வயதான தாய்மார்களிடம் பேசி 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 64 பேருக்கு ஒரு பிள்ளையாவது விலகிப் போயிருந்தது. பிள்ளை போதைப் பழக்கத்திலோ சட்டச் சிக்கலிலோ மாட்டியதைவிட, எது சரி எது முக்கியம் என்பதில் தாயும் பிள்ளையும் ஒத்துப்போகாததே பிரிவோடு அதிகம் சேர்ந்து காணப்பட்டது. பிள்ளை பெரிய குற்றம் செய்தால்கூடத் தாய் விடுவதில்லை, ஆனால் தன் நம்பிக்கைக்கு எதிராக வாழ்ந்தால் உறவே ஆட்டம் கண்டுவிடுகிறது.

இதை இப்போதே பார்ப்பது ஏன் என்றால், கடிதத்தில் எதற்கு மன்னிப்பு கேட்பது என்பது இதைப் பொறுத்துத்தான். சண்டையில் உடைந்தது என்றால் அன்று சொன்ன வார்த்தைக்கு. வாழ்க்கை முறையில் உடைந்தது என்றால், உங்கள் கருத்து மாற வேண்டும் என்று கட்டாயமில்லை, அந்தக் கருத்தை ஒவ்வொரு முறை பேசும்போதும் இழுத்ததற்கு.

4. உங்கள் வலியை இறக்கி வைக்க ஓர் இடம் தேடுங்கள்

உங்களுக்கும் கோபம் இருக்கும், அவமானம் இருக்கும். "நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது" என்று விசேஷங்களுக்குப் போவதையே விட்டவர்களை எனக்குத் தெரியும். அந்த வலி நியாயமானது, அதற்கு ஒரு போக்கிடம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அத்தனையும் கடிதத்தில் போய் விழும்.

மனநல ஆலோசகர், ரகசியம் காக்கும் பழைய நண்பர், இதே நிலையில் இருக்கும் இன்னொரு பெற்றோர், யாராக இருந்தாலும் சரி. பிள்ளைக்குத் தெரிந்த உறவினர் வேண்டாம், பேசியது எப்படியும் அங்கே போய்ச் சேரும். "உன் மேல் ஒரு தப்பும் இல்லை" என்றே எப்போதும் சொல்கிறவரும் இதற்கு உதவமாட்டார்.

கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரே கருத்தில் இல்லையா? தனித்தனியாக எழுதுங்கள். "அப்பாவும் வருத்தப்படுகிறார்" என்று அவருக்காக அம்மா எழுதி, நேரில் பார்த்தபோது அப்பா "நான் எதுக்கு வருத்தப்படணும்" என்று கேட்டால், அம்மா எழுதியதில் உண்மையான வரியும் பொய்யாகிவிடும்.

5. கடிதம்

இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகப் போவோம். பெரும்பாலும் கைக்கு வரும் முதல் வரைவு இப்படி இருக்கும். மகள் நம்பிச் சொன்ன விஷயத்தை உறவில் சொல்லிவிட்ட ஓர் அம்மா எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"என் செல்லமே, நீ இப்படிச் செய்வாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நான் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடு. பெரியம்மாவிடம் சொன்னதுகூட உனக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்றுதான். உன்னை வளர்க்க நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு உன் நினைப்பில் தூக்கமே இல்லை. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? உனக்காகக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்."

எழுதியவர் அழுதுகொண்டேதான் எழுதியிருப்பார். படிக்கிறவருக்கு என்ன கேட்கும் என்று பாருங்கள். முதல் வரி குற்றச்சாட்டு. இரண்டாவது வரியில் உள்ள "சொல்லியிருந்தால்" மன்னிப்பைச் சந்தேகமாக்கிவிடுகிறது: தப்பு நடந்ததா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். மூன்றாவது நியாயப்படுத்தல். நான்காவது கடன் கணக்கு. ஐந்தாவது, அப்பாவின் தூக்கத்துக்கும் நீதான் பொறுப்பு என்கிறது. பழமொழி மகளைக் கல் என்கிறது. கடைசி வரி அன்பாகத் தெரியும், ஆனால் இறங்கி வர வேண்டியது நீதான் என்று சொல்லாமல் சொல்கிறது.

அதே அம்மா திருத்தி எழுதினால்:

"போன வருஷம் உன் வீட்டுப் பிரச்சினையை என்னிடம் மட்டும் சொன்னாய். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாய். நான் பெரியம்மாவிடம் சொன்னேன். அது உன் மாமியார் வீடு வரை போய்விட்டது. நீ வந்து கேட்டபோது 'இதில் என்ன இருக்கிறது' என்றேன். உன் சொந்த விஷயத்தை அடுத்தவர் வாயால் கேட்க வேண்டி வந்தது உனக்கு எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும். கஷ்டத்தைச் சொல்ல இருந்த ஓர் ஆளும் இல்லாமல் போனது. அது என் தப்பு. மன்னித்துவிடு. இப்போது உன்னைப் பற்றி யார் கேட்டாலும் நான் எதுவும் சொல்வதில்லை. இதில் நான் விட்டது ஏதாவது இருந்து, நீ சொல்ல நினைத்தால், குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வேன். இதற்குப் பதில் எழுதியாக வேண்டும் என்று இல்லை. அம்மா."

வரிசையைக் கவனியுங்கள். நடந்தது என்ன, "நான்" என்ற சொல்லோடு. அது பிள்ளைக்கு என்ன செய்திருக்கும். மன்னிப்பு, எந்த ஒட்டும் இல்லாமல். இப்போது மாறியிருப்பது என்ன. கடைசியாக, பதில் கேட்காத முடிவு. நடந்ததைத் துல்லியமாகச் சொன்னால்தான் பின்னால் வரும் மன்னிப்புக்கு எடை இருக்கும். "எல்லாவற்றுக்கும் மன்னித்துவிடு" என்பது எதற்குமே கேட்காத மன்னிப்பு.

ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். நீளம் கூடினால் அதில் விளக்கம் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். எழுதி முடித்ததும் "ஆனால்", "இருந்தாலும்", "உன் நல்லதுக்குத்தான்", "நாங்கள் மட்டும் என்ன" என்று வரும் இடங்களை அடித்துவிடுங்கள். உடம்பு சரியில்லை என்பதை இதில் எழுதாதீர்கள். உண்மையிலேயே கடுமையான நோய் என்றால் அது தனிச் செய்தியாக, இரண்டு வரியில், எந்த வேண்டுகோளும் இல்லாமல் போகட்டும். இரண்டையும் கலந்தால் மன்னிப்பு மிரட்டலாகத் தெரியும்.

எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நான் செய்யாததையும் செய்தேன் என்று ஒத்துக்கொள்ளணுமா?" வேண்டாம். பொய்யாக ஒத்துக்கொண்டால் பிள்ளைக்கு உடனே தெரியும், உங்களுக்கும் அது உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பிள்ளை சொன்னதில் நீங்கள் உண்மையாக ஏற்கக்கூடிய பகுதியைத் தேடுங்கள். "எப்போதும் தம்பியைத்தான் தாங்கினீர்கள்" என்பது உங்களுக்கு ஒப்பவில்லை, சரி. "தம்பி படிப்புக்குப் பணம் கட்டியபோது உன் படிப்பைத் தள்ளிப்போடச் சொன்னேன், உன்னை உட்காரவைத்துக் கேட்கவில்லை" என்பது நடந்ததுதானே? அதை எழுதுங்கள். மீதியைப் பற்றி வாதாட வேண்டாம்.

தியாகம் செய்தது உண்மை, அது ஏன் கணக்கில் வருவதில்லை என்று மனம் அடித்துக்கொள்ளும். அது நியாயமான ஏக்கம்தான். அதை நான்காவது படியில் சொன்ன ஆளிடம் கொண்டுபோங்கள்.

எழுதியதை ஒரு வாரம் எடுத்து வையுங்கள். பிறகு யாரையாவது உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்களே படித்தால் உங்கள் குரலின் பாசம் வார்த்தையில் இல்லாததையும் நிரப்பிவிடும், அடுத்தவர் வாயால் கேட்கும்போதுதான் குத்தும் வரி குத்தும்.

6. ஒரே வழியில், ஒரே ஒரு முறை அனுப்புங்கள்

பிள்ளை பிளாக் செய்யாமல் விட்டிருக்கும் வழி எதுவோ அதில் அனுப்புங்கள். எல்லாம் அடைபட்டிருந்தால் தபால். தபாலிலும் இமெயிலிலும் ஒரு வசதி உண்டு: எப்போது திறப்பது என்பது அவர்கள் கையில். வாட்ஸாப்பில் நீல டிக் விழுந்ததா என்று நீங்கள் இங்கே பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்கும் தெரியும், அதுவே ஒரு அழுத்தம்.

பிறந்தநாள், திருமண நாள், பண்டிகை அன்று அனுப்பாதீர்கள். அந்த நாளைக் கெடுத்ததாகிவிடும். பணம், நகை, பரிசு எதையும் கூட வைக்காதீர்கள்.

7. காத்திருக்கும் காலம்

இதுதான் கடினமான படி, செய்வதற்கு ஒன்றும் இல்லாததால். "கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு மெசேஜ், பதில் எதிர்பார்க்கவில்லை என்று எழுதியதை அழித்துவிடும்.

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரின் ரெக்செக்கும் குழுவினரும் அமெரிக்கக் குடும்பங்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த தரவுகளை வைத்து 2022-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த பிள்ளைகளில் 6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு காலத்தில் தாயிடமிருந்தும், 26 சதவீதம் பேர் தந்தையிடமிருந்தும் விலகியிருந்தார்கள். தாயோடு ஏற்பட்ட பிரிவுகளில் 81 சதவீதமும் தந்தையோடு ஏற்பட்டதில் 69 சதவீதமும் பின்னர் முடிவுக்கு வந்திருந்தன. உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இது சொல்லாது. ஆனால் இந்த மாதமே பதில் வராவிட்டால் எல்லாம் போயிற்று என்று பதறி கடைசி அஸ்திரத்தை எடுக்காமல் இருக்க இது போதும்.

பதிலே இல்லை என்றால் சில மாதம் கழித்து இரண்டு வரி எழுதலாம்: "உன்னை நினைத்துக்கொண்டேன். நன்றாக இரு." கேள்விக்குறி இல்லாமல். அதற்குமேல் அடிக்கடி வேண்டாம்.

நீளமான, கோபமான பதில் வந்தால் பலர் இடிந்து போகிறார்கள். என் கணிப்பில் அது நல்ல அறிகுறி, முழுக்க வெறுத்துவிட்டவர் மூன்று பக்கம் எழுத மாட்டார். அன்றே பதில் போடாதீர்கள். மறுநாளோ அடுத்த நாளோ சுருக்கமாக: "படித்தேன். நீ சொன்னதில் இன்னதும் இன்னதும் எனக்கு இதுவரை தெரியாது. சொன்னதற்கு நன்றி." அவ்வளவுதான். தேதி தப்பு, நடந்தது அப்படியில்லை என்று திருத்தப் போனால் கதை முடிந்தது.

8. முதல் பேச்சு

முதல் போனோ சந்திப்போ அமைந்தால் நேரத்தைக் குறுக்குங்கள், ஒரு மணி நேரத்துக்குள். இடத்தைப் பிள்ளையே சொல்லட்டும். உங்கள் வீடு வேண்டாம், அங்கே எழுந்து போக நினைத்தாலும் அவர்களால் முடியாது. வேறு உறவினர் யாரையும் "தற்செயலாக" வரவைக்காதீர்கள்.

பழையதைப் பேச வந்தால் கேளுங்கள். பழையதைப் பேசாமல் வேலை, உடம்பு, வீடு என்று சாதாரணமாகப் பேசினால் நீங்களும் அப்படியே பேசுங்கள், தோண்டாதீர்கள். பிரிந்து பிறகு சமாதானமான சுமார் 100 பேரிடம், மூன்றாவது படியில் சொன்ன ஆய்வாளர்களில் ஒருவரான பில்லமர் பேசியபோது, அவர்களில் பலர் கைவிட்டதாகச் சொன்னது ஒன்றைத்தான்: பழைய கதையை எதிராளியும் தன்னைப் போலவே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம்.

பேச்சு சூடாகும்போது உடம்பு முதலில் சொல்லும். தம்பதிகளின் சண்டைகளை ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்றும், தணிய 20 நிமிஷமாவது வேண்டும் என்றும் சொல்கிறார். பெற்றோர் பிள்ளை பேச்சுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. நெஞ்சு படபடக்கிறதா, "கொஞ்சம் வெளியே நடந்துவிட்டு வருகிறேன், திரும்பி வந்து கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வருவேன் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் கோபித்துக்கொண்டு போனதாகத்தான் ஆகும்.

9. மருமகள், மருமகன், பேரப்பிள்ளைகள்

"அவள் வந்த பிறகுதான் என் பையன் மாறினான்" என்பதை மனதில் நினைத்தாலும் வாயில் எடுக்காதீர்கள். துணைக்கும் உங்களுக்கும் நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று தள்ளினால் பெரும்பாலும் துணையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கடிதத்தில் மருமகளுக்குச் செய்த தப்பு இருந்தால் அவருக்குத் தனியாக எழுதுங்கள், மகன் வழியாகச் சொல்லியனுப்பாதீர்கள்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்பதை முதல் பேச்சில் கேட்காதீர்கள். தன்னோடு பேச வந்தது பேரனுக்காகத்தான் என்று பிள்ளைக்குத் தோன்றிவிட்டால் அதை மாற்ற வெகுகாலம் ஆகும்.

10. "இனி எழுத வேண்டாம்" என்று வந்தால்

தெளிவாக அப்படிச் சொல்லிவிட்டால் ஒரே ஒரு பதில்: "சரி. நீ சொன்னபடி இனி எழுதமாட்டேன். எப்போதாவது பேச நினைத்தால் இந்த நம்பரும் இமெயிலும் மாறாது." அதன் பிறகு உண்மையாகவே எழுதாதீர்கள். வேண்டாம் என்றதை நீங்கள் முதல் முறையாகக் கேட்டதாகவும் அது இருக்கலாம். நம்பரையும் இமெயிலையும் நிஜமாகவே மாற்றாமல் வைத்திருங்கள், வீடு மாறினால் பிள்ளையோடு தொடர்பில் இருக்கும் ஒருவரிடம் புது முகவரியை மட்டும் கொடுத்து வையுங்கள்.

இதைப் படிப்பது பிள்ளையாக இருந்தால்

விலகியிருப்பது உங்கள் முடிவு, அதற்கு இங்கே நான் தீர்ப்புச் சொல்லவில்லை. உங்களால் முடிந்தால், பாதுகாப்பாக இருந்தால், ஒரே ஒரு மெசேஜ் எழுதுங்கள்: எதனால் விலகினீர்கள் என்று இரண்டு வரி, எவ்வளவு காலம் தொடர்பு வேண்டாம், அவசரம் என்றால் யார் வழியாகச் சொல்லலாம். "ஆறு மாதம் எனக்கு போன் செய்ய வேண்டாம், ஆஸ்பத்திரி விஷயம் என்றால் தங்கையிடம் சொல்லுங்கள்" என்பது போல. எதுவும் சொல்லாத மௌனத்தில்தான் முதல் படியில் சொன்ன தூதுகள் எல்லாம் கிளம்புகின்றன, காலமும் வழியும் குறித்துச் சொன்னால் பெரும்பாலான பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.